ஒற்றை பட்டன் டென்னிஸ்

டென்னிஸ் மட்டையை நான் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கையில் பிடித்ததில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் அதிகாரிகள் குடியிருப்பு ஒன்றுக்குள் பச்சையாக ஒரு டென்னிஸ் மைதானம் உண்டு. கம்பி வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் டிவியில் ஆடுகிற டென்னிஸில் என்னை ஜெயிக்க பொன்னேரியில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொன்னேரியில் அந்த ஆட்டத்தை ஆடியதே நானும் என் அக்கா புருஷனும் மட்டும்தான் என்பது வேறு விஷயம்.

கேம் பெட்டி பழசு. சென்னையில் யாரோ விற்றதை, போனஸ் வந்த கையோடு போய் வாங்கிவந்தேன். கூடவே கொடுத்த நாலு டிஸ்க்கில் மூன்று சுற்றிச் சுற்றி நின்றுபோயின. ஓடியது டென்னிஸ் ஒன்றுதான். கிரிக்கெட் ஓடியிருந்தால் நான் டென்னிஸ் பக்கமே எட்டிப்பார்த்திருக்க மாட்டேன்.

அதை ஆட இரண்டு கையும் வேண்டும். பேடு என்று சொல்கிற கைப்பிடியில் இடது பக்கம் ஒரு சின்னக் குச்சி. அதைத் தள்ளுகிற பக்கம் நம் ஆட்டக்காரன் ஓடுவான். வலது பக்கம் நாலு பட்டன். ஒன்று நேர் அடி. ஒன்று பந்தைச் சுழலவிட்டு எழும்ப வைக்கிற அடி. ஒன்று தரையோடு வழுக்கிப் போகிற வெட்டு. ஒன்று எதிராளி தலைக்கு மேலே தூக்கி அனுப்புவது. இரண்டைச் சேர்த்து அழுத்தினால் பந்து வலையைத் தாண்டிப் பொத்தென்று விழும். அழுத்திப் பிடிக்கிற நேரத்துக்குத் தக்க வேகம், கொஞ்சம் கூடிப்போனால் கோட்டுக்கு வெளியே. இதையெல்லாம் நான் மூன்று மாதம் உட்கார்ந்து பழகினேன். ஒரு பட்டனையும் வீணாக விடக் கூடாது என்று ஒரு பிடிவாதம். என் தொழில் புத்தி அப்படி.

நான் டை செட்டர். பிரஸ் மிஷினில் தகட்டை வைத்து அடித்து வண்டிகளுக்குப் பாகங்கள் செய்கிற கம்பெனி எங்களுடையது. மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு. இரண்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தும்படி மாட்டி, நாலு தடவை அடித்துப் பார்த்து, ஆபரேட்டரிடம் ஒப்படைப்பது என் வேலை. மாமா, அதாவது அக்கா புருஷன், அதே ஷாப்பில் ஆபரேட்டர். கம்பெனியில் நான் மாட்டுவதை அவர் ஓட்டுவார். லீவு நாளில் டென்னிஸில் என்னிடம் தோற்பார். எந்தப் பட்டன் எதற்கு என்றுகூட அவர் கேட்டுக்கொண்டதில்லை. கைக்கு அகப்பட்டதை அழுத்துவார், பந்து மைதானத்தைத் தாண்டிப் போகும், சிரிப்பார்.

"உனுக்கு நாலு கட்டவெரலு கீது மச்சான். நம்மால ஆவாது" என்பார்.

எனக்குப் பெருமையாக இருக்கும். சின்னப் புத்திதான், ஒத்துக்கொள்கிறேன்.

பிரஸ் மிஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் இரண்டு பட்டன், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நடுவில் ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி. இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்க முடியாது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அச்சை மாட்டிச் சரிபார்க்கும்போது எங்களுக்கு ஒரு கை தகட்டைப் பிடிக்கத் தேவைப்படும். அதற்கு எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. சைக்கிள் டியூபிலிருந்து வெட்டின ரப்பர்ப் பட்டை ஒன்று செட்டர்கள் எல்லார் பாக்கெட்டிலும் இருக்கும். ஒரு பட்டனை அமுக்கி ரப்பரால் இறுகக் கட்டிவிட்டால், மற்ற பட்டன் ஒன்றாலேயே மிஷின் அடிக்கும். புது மிஷின்களில் இந்த ஏமாற்று வேலை நடக்காது. எங்களுடையது பழைய மிஷின்.

வேலை முடிந்ததும் ரப்பரை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காமல் விட்டாலும் ஆபரேட்டர்கள் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு பட்டன் என்றால் சுலபம், டார்கெட் சீக்கிரம் முடியும். சேப்டி அதிகாரி வந்தால் வாசலோர மிஷின்காரர் விசில் கொடுப்பார், அரை நிமிஷத்தில் எல்லா ரப்பரும் பாக்கெட்டுக்குள் போய்விடும். இதை நாங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு மாமாவின் மிஷினில் ரப்பர் கட்டியது நான். அவிழ்க்காமல் அடுத்த மிஷினுக்குப் போனதும் நான். அவரிடம் சொல்லவும் இல்லை. வலப்பக்கப் பட்டன் கவருக்கு அடியில் இருப்பதால் குனிந்து பார்த்தால் ஒழியத் தெரியாது. ஷிப்ட்டின் முதல் பீஸ். தகடு கோணலாக உட்கார்ந்திருந்தது. வலது கையை உள்ளே விட்டு நேராக்கினார். இடது கை பழக்கத்தில் பட்டன் மேல் போய் உட்கார்ந்தது. ஒரு கைதானே, அடிக்காது என்று அவர் நம்பியதில் தப்பே இல்லை. ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றும் போயின.

கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். ரப்பரை யார் கட்டியது என்று கேட்டார்கள். நான் கட்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் சொல்லிவிட்டார், "நான்தான் சார் கட்டிக்கினேன். டார்கெட்டுக்காவ." எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவருக்கு ஒரு மெமோ, கை ஆறியதும் ஸ்டோரில் டோக்கன் எழுதுகிற வேலை. எனக்கு ஒன்றும் இல்லை. பிறகு ஊனச் சான்றிதழுக்காக பொன்னேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி அவரைத் திருவள்ளூருக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். மாமா அதே குரலில் அதையே சொன்னார். நான் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியில் சொன்ன பொய்யைக்கூட ஒரு கணக்கில் வைக்கலாம். வீட்டில் அது வேறு மாதிரி வேலை செய்தது. அக்கா ஒயர் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பார்க்கிறவள். ஒரு ஒயரில் பிசகு இருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்புகிற குணம். புருஷன் நாலு பீஸ் அதிகம் அடிக்க ஆசைப்பட்டு, தானே ரப்பர் கட்டி, தானே கையை விட்டுக்கொண்டார் என்று அவள் நம்பினாள். அவளால் அதை மன்னிக்க முடியவில்லை. சோறு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், கூடவே ஒரு சொல்லையும் வைப்பாள். "புத்தி இருந்தா கை இருந்திருக்கும்" என்பாள். ஷர்ட் பட்டனைப் போட முடியாமல் அவர் நிற்கும்போது, "அந்த பட்டன கட்டத் தெரிஞ்சுது, இந்த பட்டன போடத் தெரியல" என்பாள். மாமா பதில் பேசமாட்டார். என் ஒரு வாக்கியத்தில் அவருடைய மானம் அவர் வீட்டில் அவருக்குத் திரும்பிவிடும். அந்த வாக்கியத்தை நான் ஐந்து மாதம் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, அதைக் கேட்டபின் அக்கா என்னைப் பார்க்கப்போகிற பார்வையை நினைத்து வந்த பயம் பெரியது.

கேம் பெட்டி துணி மூடிக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே கேட்டாள்.

"அத்த எடுத்தாந்து இங்க போடேன்டா. சொவத்தப் பாத்துக்கினே குந்திக்கினு கீறாரு. பாக்க பேஜாரா கீது."

எடுத்துக்கொண்டு போனேன். மாமா பேடை மடியில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் இருந்தது, அழுத்த முடியும். ஆனால் பின்னாலிருந்து தாங்க விரல் இல்லை. இடது கை குச்சியைத் தள்ளினால் பேடு வலது பக்கம் சுற்றிக்கொண்டு போயிற்று. இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாவது தடவை அவர் அதை எடுக்கவில்லை.

அக்கா மெனுவைத் தோண்டிக்கொண்டிருந்தாள். எந்த மிஷினையும் கையில் கொடுத்தால் அதன் மூலை முடுக்கெல்லாம் போய்ப் பார்த்துவிடுவாள். "இதுல சிம்பிள்னு ஒண்ணு கீது பாரு" என்றாள்.

அந்த முறையில் ஆட்டக்காரன் தானாகவே ஓடுவான். எந்த அடி என்பதையும் பெட்டியே பார்த்துக்கொள்ளும். நமக்கு ஒரே ஒரு பட்டன். ஆட்டத்தை வாங்கிய நாளிலேயே நான் அதைப் பார்த்துவிட்டு இளக்காரமாக மூடியிருந்தேன். சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டிவிடுகிற மாதிரி என்று எனக்கு எண்ணம். ஓட வேண்டாம், யோசிக்க வேண்டாம், அப்புறம் எதற்கு ஆட்டம்? ஆனால் மாமா பேடைத் தலையணைமேல் வைத்து, கட்டைவிரலை அந்த ஒரு பட்டன்மேல் வைத்தபோது அது ஆடாமல் நின்றது.

அன்று நான் அவரை ஜெயிக்கவிட்டேன். சர்வீஸை வலையில் அடித்தேன், வேண்டுமென்றே வெளியே அடித்தேன், ஐயோ என்று நடித்தேன். இரண்டு செட் அப்படியே போயிற்று. அக்கா டீ போட உள்ளே போனாள். மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார்.

"நீ எனுக்குக் குடுக்க வேண்டியது பாயிண்ட் இல்ல மச்சான்."

டம்ளர் சத்தம் வரும்வரை பேடையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, அடுத்த வாரம் விட்டுக்கொடுக்காமல் ஆடு என்று மட்டும் அவர் சொன்னார்.

அடுத்த வாரம் விட்டுக்கொடுக்காமல் ஆடினேன். ஆறு-பூஜ்யம். பந்து வந்த உடனே அவர் அழுத்திவிடுவார். எல்லா அடியும் ஒரே பக்கம் போகும், நான் போய்க் காத்திருப்பேன். அக்கா பூண்டு உரித்துக்கொண்டே பார்த்தாள்.

"பதறாத காரியம் செதறாதுன்னு சும்மாவா சொன்னாங்க? எல்லாத்துலயும் அவசரம். கையி போனதும் இந்த அவசரத்துலதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்தில் ஜெயித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதைப் போல ஒரு அசிங்கமான வெற்றி எனக்கு வாய்த்ததில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் ஓவர்டைம் என்று பொய் சொல்லி நான் போகவில்லை. பெட்டி அவர்கள் வீட்டிலேயே இருந்தது. ஸ்டோர் வேலை மூன்று மணிக்கு முடிந்துவிடும், அக்கா வேன் வர ஆறாகும். அந்த மூன்று மணி நேரம் தினமும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்து போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

என் சர்வீஸ். வழக்கம்போல அகலமாக, அவர் ஆள் ஓரத்துக்கு ஓடும்படி அடித்தேன். அவர் ஆள் ஓடினான். மாமாவின் கட்டைவிரல் பட்டன்மேல் கிடந்தது, அழுத்தவில்லை. பந்து தரையில் பட்டது, எழும்பியது, அவன் இடுப்பைத் தாண்டியது. தவறவிட்டார் என்று நினைத்து நான் பேடைத் தளர்த்தினேன். அப்போது அழுத்தினார். பந்து கோட்டை ஒட்டி நேராக வந்து, நான் இல்லாத பக்கம் விழுந்து போயிற்று.

தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த பந்திலும் அதே இடத்துக்குப் போய் நின்றேன். இந்தத் தடவை பந்து முன்னால் இருக்கும்போதே அழுத்தினார், குறுக்கே போயிற்று. அதற்கடுத்தது இரண்டுக்கும் நடுவில், என் காலடியில். அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. அழுத்துகிற கணம்தான் திசை. சீக்கிரம் அழுத்தினால் ஒரு மூலை, தாமதித்தால் இன்னொரு மூலை, நடுவில் எத்தனை கணம் உண்டோ அத்தனை இடம். தொட்டு எடுத்தால் வலையோரம், பிடித்து விட்டால் கடைக்கோடு. என்னிடம் நாலு பட்டனில் நாலு விதமான அடி இருந்தது. அவர் ஒரு பட்டனுக்குள் ஒரு மைதானத்தையே வைத்திருந்தார்.

எனக்கு ரோஷம் வந்தது. அந்த முறையின் ஓட்டை எது என்று எனக்குத் தெரியும். பெட்டி ஓட்டுகிற ஆள் ஒவ்வொரு அடிக்கும் பிறகு தானாகவே நடுவுக்குத் திரும்புவான், அதில் அவனுக்குப் புத்தி கிடையாது. அவன் நடுவுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் விட்டுவந்த இடத்துக்கே திருப்பி அடித்தால் கால் மாற முடியாமல் தடுமாறுவான். அப்படி நாலைந்து பாயிண்ட் எடுத்தேன். மூன்று-ஒன்று என்று முன்னால் இருந்தேன். கிழித்துவிட்டோம் என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

அவர் அடியின் வேகத்தைக் குறைத்தார். அவ்வளவுதான் செய்தார். பந்து உயரமாக, மெதுவாக, சாவகாசமாக என் பக்கம் வந்தது. அது வந்து சேர்வதற்குள் அவர் ஆள் நடுவுக்குப் போய், மூச்சு வாங்கி, நின்றுவிட்டான். விட்டுவந்த இடம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. நான் எவ்வளவு வேகமாக அடித்தாலும் அவர் அதே நிதானத்தில் திருப்பினார். அவசரப்படவே மாட்டேன் என்கிறவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அவரால் வலைக்கு ஓடிவர முடியாது, அந்த முறையில் குச்சிக்கு வேலை இல்லை. அதனால் என்னை வலைக்கு வரவழைத்தார். தொட்டு எடுத்து ஒரு குட்டைப் பந்து போடுவார். நான் விழுந்தடித்துக்கொண்டு முன்னால் ஓடி எடுப்பேன். நான் வலையில் நிற்கும்போது தாமதமாக, நீளமாக அழுத்துவார். அப்போது மட்டும் அவர் ஆள் பந்தைத் தலைக்கு மேல் தூக்கி அனுப்பினான். இது எந்த மெனுவிலும் எழுதியிருக்கவில்லை. பெட்டிக்குள் புதைந்து கிடந்ததை, தினம் மூன்று மணி நேரம் ஒரு கட்டைவிரலால் தோண்டி எடுத்திருந்தார். ஐந்தாவது தடவை அந்தப் பந்து என் தலைக்கு மேலே போனபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்பதே மறந்துபோய், அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேடு சரியில்ல. பட்டன் மாட்டிக்குது" என்றேன், வேறு என்ன சொல்வது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் அக்கா. அன்றும் உரித்துக்கொண்டிருந்த பூண்டுத் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நாலு-நாலு ஆனபோது நான் டிவியை விட்டு மாமாவைப் பார்த்தேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். அவர் தன் ஆட்டக்காரனைப் பார்க்கவே இல்லை. அவனைத்தான் பெட்டி ஓட்டிக்கொள்கிறதே. அவர் கண் என் ஆள்மேல் இருந்தது. அவன் எந்தப் பக்கம் சாய்கிறான், எந்தக் காலை முதலில் எடுக்கிறான், களைத்தால் எங்கே நிற்கிறான், எல்லாம். எனக்கு அதற்கெல்லாம் நேரம் கிடைத்ததே இல்லை. ஓட்டவும் வேண்டும், நாலு பட்டனில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும், அழுத்தத்தை அளக்கவும் வேண்டும். என் பத்து விரலும் வேலை செய்துகொண்டிருந்தன, என் கண் சும்மா இருந்தது. சுலபமான முறை என்று நான் இளக்காரம் பண்ணியது அவரிடமிருந்து ஓட்டத்தை வாங்கிக்கொண்டு பார்வையைக் கொடுத்திருந்தது. அவரால் முடியாதவை நிறைய இருந்தன, பொய் சொல்லக் கூடாது. நினைத்த இடத்தில் போய் நிற்க முடியாது. வெட்டி அடிக்க முடியாது. அவற்றை இல்லை என்று ஒத்துக்கொண்டு, இருக்கிற ஒன்றின் அடிவரைக்கும் போயிருந்தார். இப்படி ஒரு மனுஷனோடு இத்தனை வருஷம் ஒரே ஷாப்பில் வேலை பார்த்திருக்கிறேன், கைக்கு அகப்பட்டதை அழுத்துகிறவர் என்று சிரித்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் எனக்கு பிரஸ் ஞாபகம் வராமல் இருக்குமா? அங்கேயும் நான் இரண்டு பட்டனை ஒன்றாக்கினேன், சுலபம் என்று சொன்னேன். ஆனால் சுலபம் ஆனது என் வேலைதான். அதிலிருந்த ஆபத்து எங்கும் போய்விடவில்லை, அவரிடம் சொல்லாமல் அவர் கைக்கு மாற்றிவிட்டேன். அந்த எண்ணம் வந்ததும் ஒரு சர்வீஸை வலையில் அடித்தேன். அது நடிப்பு இல்லை.

ஐந்து-நாலு. அவர் பக்கம் நாற்பது-முப்பது, இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் அவருக்கு. நான் தூக்கி அடித்த பந்து நீளம் போதாமல் மைதானத்தின் நடுவில் விழுந்து, கொழுத்த பந்தாக உயர எழும்பியது. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஓங்கி அடித்துவிடுவார்கள். மூன்று வாரத்துக்கு முன் அவரும் அடித்திருப்பார். கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது, அசையவில்லை. பந்து உச்சிக்குப் போய்த் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது ஒரு பக்கம் போயாக வேண்டும் என்று என் ஆளை இடது பக்கம் தள்ளினேன். நான் நகர்ந்த பிறகுதான் அவர் அழுத்தினார். பந்து வலது பக்கம், யாரும் இல்லாத இடத்தில் போய் விழுந்தது.

டிவிக்குள் கூட்டம் கைதட்டியது. அக்காவும் தட்டினாள். விபத்துக்குப் பிறகு அவள் அவரைப் பார்த்து சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் சிரிப்பு முகத்திலேயே பாதியில் நின்றுவிட்டது.

"இவ்ளோ பொறும கீதா உன்கிட்ட?" என்றாள். "இதுல பாதி அன்னிக்கு இருந்திருந்தா இன்னிக்கு வெரலு இருந்திருக்கும்."

மாமா பேடைத் தலையணையோடு சேர்த்துக் கீழே வைத்தார். அவளைப் பார்க்கவில்லை, டிவியையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. கொஞ்சம் முன்பு பந்து இறங்கும்வரை என் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதே பார்வை.

ஐந்து மாதமாக இவர் தோற்றுக்கொண்டிருக்கவில்லை, காத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"அக்கா" என்றேன். "அந்த ரப்பர கட்னது நான். அவுக்காம போனதும் நான்தான். அது கட்டி கீதுன்னே மாமாவுக்குத் தெரியாது."

மறுநாள் கம்பெனியில் இதையே எழுதிக்கொடுத்தேன். அதற்காக வேலை போனதுகூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. அந்த வீட்டில் அந்த நாற்காலிக்கு எதிரில் அதைச் சொன்னதுதான் கஷ்டம்.

நான் சொன்னதைக் கேட்டதும் அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவரிடம்தான் கேட்டாள்.

"இத்தினி நாளு நான் பேசனதெல்லாம் கேட்டுக்கினு சும்மா இருந்தியே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"கம்பெனில உண்மைய சொன்னா இவன் வேல பூடும்னு நானே பழிய ஏத்துக்கினேன்" என்றார் மாமா. "ஊட்ல சொல்றது அவன் வேல. அவனே சொல்லுவான்னு இருந்தேன்."

"சொல்லாமலே இருந்திருந்தா?"

மாமா யோசித்தார்.

"இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பேன்" என்றார்.

அக்கா நாற்காலியிலிருந்து இறங்கி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, விரல் இல்லாத இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கட்டுப் பிரித்த நாளிலிருந்து அந்தக் கையை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. அவள் என்னைப் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.